பழைய மூன்று சக்கர ஏடிவியைச் சீரமைக்க எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வியின் சாரம் இது. 1980களின் தொடக்கத்தில் வெளிவந்த ஹோண்டா ஏடிசி110 என்ற மூன்று சக்கர ஏடிவி, அதாவது சாலையில்லாத தரையில் ஓட்டும் வண்டி ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கொட்டகையில் கிடந்த அந்த வண்டியில் ஸ்டார்ட் செய்யும் கயிறு அசையவே இல்லை. டயர்கள் வெடிப்பு விட்டிருக்கின்றன. பெட்ரோல் டேங்கின் அடியில் பிசின் போல ஏதோ படிந்திருக்கிறது. பின் மட்கார்டு உடைந்திருக்கிறது. வண்டியை முழுவதும் பிரித்து ஃபிரேமைப் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பிவிட்டு, அது திரும்பி வருவதற்குள் எஞ்சினுக்கான உதிரிபாகங்களை மொத்தமாக வாங்கிப் பொருத்திவிடலாம் என்று திட்டமிட்டிருக்கிறீர்கள். இந்த வரிசை சரிதானா என்று கேட்கிறீர்கள்.

சரியில்லை என்பதே என் பதில். பெயின்ட் கடைசி வேலை. உதிரிபாகங்கள் வாங்குவது அளந்து பார்த்த பிறகு செய்ய வேண்டிய வேலை. முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினைக்கூட அல்ல, பின் அச்சையும் பிரேக்கையும் டயர்களையும் ஸ்டீயரிங்கையும்தான். என்னுடைய முதல் மூன்று சக்கர வண்டியில் நீங்கள் சொல்லும் வரிசையிலேயே வேலை செய்தேன். பளபளப்பான ஃபிரேமில் எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகுதான், பின் அச்சைத் தாங்கும் பகுதிக்கு அருகே வெல்டிங் ஓரமாக ஒரு விரிசல் இருப்பது தெரிந்தது. புதிய பூச்சைச் சுரண்டி வெல்டிங் செய்து, மறுபடியும் முதலிலிருந்து பூச வேண்டியதாயிற்று. அந்த விரிசல் பூசுவதற்கு முன்பும் அங்கேயே இருந்திருக்கும், நான் தேடவில்லை.

அச்சுக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணம் இந்த வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. 1970இல் ஹோண்டா யுஎஸ்90 என்ற பெயரில் இந்த வகையில் தன் முதல் வண்டியை அமெரிக்கச் சந்தையில் இறக்கியபோது (பின்னர் அதன் பெயர் ஏடிசி90 என்று மாறியது), ஒசாமு தகெயுச்சி தலைமையிலான வடிவமைப்பாளர்கள் அதில் ஸ்பிரிங்கோ ஷாக் அப்சார்பரோ வைக்கவில்லை. காற்றழுத்தம் மிகக் குறைந்த 22 அங்குல பலூன் டயர்களே சஸ்பென்ஷனாகவும் வேலை செய்தன. பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே கம்பியில் கோத்தவை போல ஒரே திண்ணிய அச்சில் பூட்டப்பட்டிருந்தன, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டியிருந்தும் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். ஆகவே ஓட்டுபவர் தன் உடல் எடையை நகர்த்தி உள்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்தால்தான் வண்டி ஒழுங்காகத் திரும்பும். 1979இல் வந்த ஏடிசி110 வண்டியிலும் இதே அமைப்புதான். இத்தகைய வண்டியில் அச்சிலோ டயரிலோ உள்ள சிறு குறைகூட நேரே திருப்பத்தில் வந்து நிற்கும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்ற பழமொழி இந்த வண்டிக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்.

இன்னொரு காரணமும் உண்டு. விபத்துகள் பெருகியதால், 1988இல் உற்பத்தியாளர்களுக்கும் அமெரிக்க அரசுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டின்படி புதிய மூன்று சக்கர ஏடிவிகளின் விற்பனை அங்கே நிறுத்தப்பட்டது. 2008இல் வந்த நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் அந்தத் தடையை இன்னும் உறுதியாக்கியது. எனவே இன்று கிடைக்கும் எந்த ஏடிசியும் ஏறத்தாழ நாற்பது ஆண்டோ அதற்கு மேலோ பழமை உடையது. பல கைகள் மாறி, பலமுறை கவிழ்ந்து, சேற்றிலும் மணலிலும் உழன்று வந்த வண்டி அது. வெளியே நன்றாகத் தெரிகிறது என்பதை நம்பி எதையும் விட்டுவிட முடியாது.

எந்த நட்டையும் தொடுவதற்கு முன் வண்டியை எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வயர்களும் கேபிள்களும் எந்த வழியாகப் போகின்றன என்பதை அருகில் வைத்து எடுங்கள். ஃபிரேம் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் தனித்தனியே குறித்து, அவை எந்த ஆண்டைச் சேர்ந்தவை என்று பாருங்கள். பழைய வண்டிகளில் ஓர் ஆண்டின் ஃபிரேமில் வேறோர் ஆண்டின் எஞ்சின் இருப்பது சாதாரணம். அது தெரியாமல் உதிரிபாகம் வாங்கினால் பொருந்தாது. அடுத்து, திருகாணிகள். ஜப்பானிய வண்டிகளில் உள்ள சிலுவைத் தலைத் திருகாணிகள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டவை. சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அவற்றில் முழு ஆழத்துக்கு இறங்காது. திருக்கும்போது மேலே எழும்பித் தலையை மழுக்கிவிடும். ஜேஐஎஸ் முனையுள்ள ஸ்க்ரூடிரைவரையும், சுத்தியலால் அடித்துத் திருப்பும் கை இம்பாக்ட் டிரைவரையும் வாங்குங்கள். இந்த முழு வேலையிலும் உங்களுக்கு மிக அதிகமாக உதவப்போகும் கருவிகள் இவை இரண்டும்தான். துருவை இளக்கும் எண்ணெயை முந்திய நாள் மாலையே போட்டுவிட்டு மறுநாள் திறந்தால், உடையும் போல்ட்டுகள் பாதியாகக் குறையும்.

இப்போது பின் அச்சு. வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு டயரை இரண்டு கைகளாலும் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. பிறகு பிரேக்கை ஒருவர் அழுத்திப் பிடித்திருக்க, சக்கரத்தை முன்னும் பின்னும் அசையுங்கள். அச்சு அசையாமல் சக்கரம் மட்டும் சிறிது நகர்ந்து "டக்" என்று ஒலித்தால், சக்கரத்தைத் தாங்கும் ஹப்பின் உட்பற்களோ அச்சின் நுனியில் உள்ள பற்களோ தேய்ந்துவிட்டன என்று பொருள். ஹப் நட்டு தளர்ந்த நிலையில் யாரோ நெடுநாள் ஓட்டியிருப்பார்கள். நட்டை இறுக்கினால் ஒலி நின்றுவிடும். ஆனால் தேய்ந்த பற்கள் திரும்ப வளரா. ஹப் மட்டும் தேய்ந்திருந்தால் ஹப்பை மாற்றினால் போதும். அச்சின் பற்களும் மழுங்கியிருந்தால் இரண்டையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. பற்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அடுத்த முறை பேரிங் மாற்ற நேரும்போது அந்த அச்சை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் அந்த யோசனையை ஏற்க வேண்டாம்.

அச்சு வளைந்திருக்கிறதா என்பதை அறிய, சக்கரங்களையும் ஹப்களையும் கழற்றிவிட்டு, தரையில் நிலையாக வைத்த ஏதேனும் ஒரு கூர்முனையை அச்சின் நுனிக்கு மிக அருகே வைத்து அச்சைக் கையால் சுழற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் அச்சு வளைந்திருக்கிறது. டயல் கேஜ் இருந்தால் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். அச்சைக் கழற்றும்போது அதன் திருகு நுனியில் நேராகச் சுத்தியலால் அடிக்கவே கூடாது. நட்டைத் திருகு நுனியோடு சமமாக நிற்கும் அளவுக்குத் திரும்பப் போட்டு, மேலே கெட்டியான மரக்கட்டையை வைத்து அடியுங்கள். திருகுவரைகள் நசுங்கிவிட்டால் நல்ல அச்சும் பழைய இரும்பாகிவிடும்.

பேரிங் மாற்றுவதில் நான் அடிக்கடி காணும் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அச்சைத் தாங்கும் உருளைக் கூட்டுக்குள் இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே ஒரு ஸ்பேஸர் குழாய் இருக்கும். பழைய பேரிங்கைத் தட்டி எடுக்கும்போது அது உள்ளே சாய்ந்து விழுந்து, கிரீஸோடு கிரீஸாக ஒட்டிக்கொள்ளும். புதியதைப் பொருத்துபவர் அதை மறந்துவிடுவார். அந்தக் குழாய் இல்லாமல் அச்சு நட்டை இறுக்கினால், இரண்டு பேரிங்குகளின் உள்வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கப்பட்டு, குண்டுகள் பக்கவாட்டில் நெரிபடும். சக்கரம் கையால் சுழற்றும்போதே கனமாக இருக்கும். புதிய பேரிங் சில மணி நேர ஓட்டத்திலேயே போய்விடும். பேரிங்கைக் கூட்டுக்குள் இறக்கும்போது வெளிவளையத்தில் மட்டுமே அழுத்தம் தர வேண்டும். உள்வளையத்தில் அடித்தால் குண்டுகள் ஓடும் தடத்தில் பள்ளம் விழும். ஆயில் சீல்களைப் பழையவையாக விட்டுவிடாதீர்கள். நீரும் சேறும் உள்ளே புகுவதுதான் இந்தப் பேரிங்குகளின் சாவுக்கு முதற்காரணம், தேய்மானம் அதற்கு அடுத்ததுதான்.

பிரேக்கைப் பொறுத்தவரை, இந்த வண்டியில் பின் அச்சில் உள்ள ஒரே டிரம் பிரேக்தான் உண்டு. முன்சக்கரத்தில் எதுவும் இல்லை. அந்த ஒன்று தோற்றால் நிறுத்துவதற்கு வேறொன்று இல்லை என்பதை மனத்தில் வைத்துத் திறந்து பாருங்கள். பழைய பிரேக் ஷூக்களிலும் கேஸ்கெட்டுகளிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்பதால், உள்ளே உள்ள தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஷூவின் லைனிங் தடிமனாகத்தான் இருக்கிறது என்று நிம்மதி அடைவதும் தவறு. பல ஆண்டுகள் ஈரத்தில் கிடந்த ஷூவில் லைனிங்குக்கும் உலோகத்துக்கும் இடையிலான பசை அடியோடு விட்டுப்போயிருக்கும். விரல் நகத்தால் நெம்பினாலே தகடாகப் பெயர்ந்து வரும். அது ஓடும்போது பெயர்ந்தால் சக்கரம் இறுகி நின்றுவிடும், அல்லது பிரேக்கே பிடிக்காது. ஷூக்களை விரிக்கும் கேம் தண்டு துருவேறி இறுகியிருக்கும். அதை வெளியே எடுத்துத் தேய்த்துச் சுத்தம் செய்து, மெல்லிய கிரீஸ் பூசிப் பொருத்துங்கள். கேபிளில் ஓர் இழை அறுந்திருந்தாலும் புதிய கேபிளே போட வேண்டும்.

ஸ்டீயரிங் தலையைத் திறக்கும்போது கீழே ஓர் அகலமான தட்டை வைத்துக்கொள்ளுங்கள். பல மாடல்களில் அங்கே கூண்டில்லாத தனித்தனி எஃகுக் குண்டுகள் இருக்கும். ஃபோர்க்கைக் கீழே இழுத்த கணத்தில் அவை மழை போல உதிரும். மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணி எழுதி வையுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பும்போது நேர்நிலையில் மட்டும் ஒரு பள்ளத்தில் விழுவது போலப் பிடித்தால், தடங்களில் குண்டுகளின் தழும்பு விழுந்திருக்கிறது. கிரீஸ் போட்டால் அது போகாது, தடங்களையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

அதே சமயத்தில் ஃபிரேமைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, ஸ்டீயரிங் தலையைச் சுற்றியும், கால்மிதிகள் பற்றவைக்கப்பட்ட இடங்களிலும், பின் அச்சைத் தாங்கும் பகுதியிலும், பின்புறப் பிடிகம்பியின் வெல்டிங்குகளிலும் தேடுங்கள். பெயின்டில் முடிபோல ஒரு கோடும் அதன் ஓரமாகத் துருக் கசிவும் தெரிந்தால், அது பெரும்பாலும் பெயின்டின் விரிசல் அல்ல, இரும்பின் விரிசல். விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, வாய் அகற்றி, முழு ஆழத்துக்கு வெல்டிங் செய்து, மேலே ஒரு தகடு சேர்த்து வலுவூட்டுவதுதான் முறை. வெல்டிங் இயந்திரத்தை இயக்குவதற்கு முன் சிடிஐ பெட்டி (தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) உள்ள வண்டியானால் அதைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் டேங்கை வேறோர் அறைக்கே கொண்டுபோய்விடுங்கள்.

டயர்களைப் பற்றி. ஏடிசி110இன் அளவு 22×11-8. வெடித்த டயருக்குள் டியூப் போட்டு ஓட்டுவதை நான் ஏற்பதில்லை, ஏனென்றால் பக்கச்சுவர்தான் இங்கே ஸ்பிரிங். அது இற்றுப்போனால் உள்ளே காற்று நின்றாலும் வண்டி தள்ளாடும். பின்னிரண்டு டயர்களையும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரியாக, ஒரே நேரத்தில் வாங்குங்கள். காற்றடித்த பிறகு அளவு நாடாவை இரண்டின் நடுப்பகுதியிலும் சுற்றிச் சுற்றளவை ஒப்பிடுங்கள். ஒரே அச்சில் பூட்டப்பட்டவை என்பதால், ஒன்று பெரிதாக இருந்தால் வண்டி நேர்ப்பாதையிலும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். இந்த டயர்களுக்கான அழுத்தம் இரண்டு பிஎஸ்ஐயை (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) ஒட்டித்தான் வரும். ஏடிசி110க்குச் சொல்லப்பட்டது 2.2 பிஎஸ்ஐ. கார் டயருக்கான கேஜில் அந்த அளவை வாசிக்கவே முடியாது. குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த கேஜ் தேவை. ரிம்மில் டயர் உட்காருவதற்காகக் காற்றை ஏற்றும்போது, பக்கச்சுவரில் அச்சிட்டுள்ள உச்ச அளவை ஒருபோதும் தாண்டாதீர்கள். துருவேறிய ரிம்மில் டயர் ஏற மறுத்தால் கூடுதல் அழுத்தம் தீர்வாகாது; ரிம்மின் விளிம்பைச் சுத்தமாக்கிச் சோப்புநீர் தடவுவதே தீர்வு.

இவ்வளவும் முடிந்த பிறகே எஞ்சின். கயிறு அசையவில்லை என்பதால் எஞ்சின் இறுகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கயிறு சுற்றும் ரீகாயில் பெட்டியே துருப்பிடித்து நின்றிருக்கலாம். அதன் போல்ட்டுகளைக் கழற்றிப் பெட்டியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஃபிளைவீல் நட்டில் ஸ்பானர் வைத்து மிக மெதுவாக அசைத்துப் பாருங்கள். சுழன்றால் உங்கள் பிரச்சினை ரீகாயில் பெட்டியோடு முடிந்தது. சுழலவில்லை என்றால் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு துருவால் பிணைந்திருக்கின்றன. நீளமான குழாயை ஸ்பானரில் செருகிப் பலத்தைக் காட்டினால் உடைவது வளையமாகவோ கனெக்டிங் ராடாகவோ இருக்கும்.

இங்கே ஏடிசி110க்கே உரிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஹோண்டா கப் குடும்பத்தின் வழிவந்த இந்த எஞ்சினில் சிலிண்டர் ஏறத்தாழப் படுத்த நிலையில் முன்னோக்கி இருக்கிறது. பிளக் துளை வழியாக எண்ணெய் ஊற்றினால் அது சிலிண்டரின் கீழ்ப்பாதியில் தேங்கி நிற்குமே ஒழிய, மேற்பாதியில் உள்ள வளையத்தை எட்டாது. எனவே பெட்ரோலையும் எஞ்சின் ஆயிலையும் வடித்துவிட்டு, வண்டியைப் பின்புறமாகச் செங்குத்தாக நிறுத்திச் சாயாமல் கட்டுங்கள். இப்போது சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும். ஊற்றிய எண்ணெய் பிஸ்டனைச் சுற்றிலும் சமமாக இறங்கும். துருவிளக்கும் எண்ணெயை ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். நாளுக்கொரு முறை ஃபிளைவீலை இருபுறமும் சிறிதளவு தூண்டிப் பாருங்கள். ஒரு மயிரிழை நகர்ந்துவிட்டால் பெரும்பாலும் மீதியும் வந்துவிடும். பத்து நாளாகியும் அசைவில்லை என்றால் ஹெட்டைத் திறப்பதுதான் வழி. விடுபட்ட பிறகு பிளக் துளையைத் துணியால் மூடிப் பல சுற்றுகள் சுழற்றி எஞ்சியதை வெளியேற்றி, புதிய ஆயிலை ஊற்றுங்கள். கார்களுக்கான ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருக்கக்கூடும். இந்த வண்டியின் கிளட்ச் ஆயிலில் நனைந்தபடி வேலை செய்வதால் அது வழுக்கத் தொடங்கும். ஜேஏஎஸ்ஓ எம்ஏ என்று குறித்த மோட்டார் சைக்கிள் ஆயிலே பொருத்தமானது.

கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம் பார்க்கும்போது திராட்டிலை முழுவதும் திறந்து வைத்துக் கயிற்றைப் பலமுறை இழுங்கள். அளவு குறைவாக வந்தால் உடனே பிஸ்டன் வாங்கக் கிளம்பாமல், வால்வு இடைவெளியைச் சரிபாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் இரண்டு வால்வுகளுக்கும் 0.05 மிமீ இருக்க வேண்டும். பல ஆண்டுகளாக யாரும் தொடாத எஞ்சினில் இடைவெளியே இல்லாமல் போய், வால்வு முழுவதும் மூடாமல் நிற்பதைக் கண்டிருக்கிறேன். பத்து நிமிட வேலையில் கம்ப்ரெஷன் திரும்பியது. இடைவெளி சரியாக இருந்தும் அளவு ஏறவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றிச் சிலிண்டரை அளக்க வேண்டும். நிலையான விட்டம் 52 மிமீ; மேலிருந்து கீழாக மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளந்தால் தேய்மானமும் வட்டத்தன்மையும் தெரியும். அதற்குப் பிறகே 0.25 போதுமா, 0.50 தேவையா என்று எந்த மிகையளவு பிஸ்டனுக்குப் போவது என்பதைத் தீர்மானிக்க முடியும். முன்கூட்டியே உதிரிபாகங்கள் வாங்க வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான். ஹெட் கையில் இருக்கும்போது கேம் தண்டு சுழலும் பரப்புகளை நன்றாகப் பாருங்கள். ஆயில் வற்றிய நிலையில் ஓடிய எஞ்சினில் அலுமினியப் பரப்பில் ஆழமான கோடுகள் விழுந்திருக்கும். அந்த ஹெட்டுக்குப் புதிய பிஸ்டன் போட்டுப் பயனில்லை. இந்த எஞ்சினில் மாற்றக்கூடிய ஆயில் ஃபில்டர் இல்லை. கம்பிவலைச் சல்லடையும், கிளட்ச் பக்கத்தில் சுழலும் ஒரு கிண்ணமும்தான் அழுக்கைப் பிடிக்கின்றன. பக்க மூடியைத் திறந்து அந்தக் கிண்ணத்தில் களிம்பாகப் படிந்திருப்பதை வழித்தெடுத்தால், முந்தைய உரிமையாளர்கள் ஆயிலை எவ்வளவு ஒழுங்காக மாற்றினார்கள் என்பது தெரிந்துவிடும்.

உங்களுடையது இரண்டு ஸ்ட்ரோக் வண்டியாக இருந்திருந்தால், அதாவது ஏடிசி250ஆர், கவாசாகி டெகாட்டே, யமஹா ட்ரை-இசட் போன்ற ஒன்றாக இருந்திருந்தால், இந்த இடத்தில் வேறொன்றைச் சொல்லியிருப்பேன். அவற்றில் கிராங்க் சீல்கள் காய்ந்து காற்றைக் கசியவிட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் உருகிப் பிடித்துவிடும். எஞ்சினின் வாய்களை அடைத்து உள்ளே ஆறு பிஎஸ்ஐ காற்றேற்றி, ஆறு நிமிடம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது அவற்றுக்குக் கட்டாயம்.

ஸ்பார்க் வரவில்லை என்றால், காயிலைக் குறை சொல்வதற்கு முன் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்சின் வயரைத் தற்காலிகமாகப் பிரித்துவிட்டுச் சோதியுங்கள். ஹேண்டில்பாரில் மழையில் நனைந்து கிடந்த அந்தச் சிறு சுவிட்ச் உள்ளுக்குள் துருவேறி நிரந்தரமாக எர்த் ஆகியிருப்பது மிகவும் வழக்கமான கோளாறு. பிறகு ஃபிரேமுக்கும் எஞ்சினுக்கும் உள்ள எர்த் தொடர்பு, பிளக் தொப்பி என்று போகலாம். பாயின்ட் (தீப்பொறிக்காக மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனைகள்) உள்ள பழைய மாடலானால் அதன் முனைகளில் படிந்த மாசைத் துடைத்து இடைவெளியைச் சரிசெய்தாலே பல நேரங்களில் தீப்பொறி வந்துவிடும். ஃபிளைவீலைக் கழற்ற அதற்கென்றே உள்ள புல்லர் வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பின்னாலுள்ள காயில்கள் நசுங்கும்.

டேங்க் இரும்பாலானது என்றால் உள்துருவை எலக்ட்ரோலிசிஸ் முறையில் எடுக்கலாம். சலவைச் சோடா கரைத்த நீரை நிரப்பி, டேங்கோடு எங்கும் தொடாதபடி ஓர் இரும்புக் கம்பியை உள்ளே தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் நேர்முனையைக் கம்பிக்கும் எதிர்முனையை டேங்குக்கும் கொடுக்க வேண்டும். கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கவே கூடாது, ஏனெனில் நச்சுத்தன்மை உள்ள குரோமியச் சேர்மங்கள் நீரில் சேரும். ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் திறந்த வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில், பெட்ரோல் வாடை முற்றிலும் போகக் கழுவிய பிறகே செய்யுங்கள். பிளாஸ்டிக் டேங்கானால் பிசினைக் கரைத்துக் கழுவுவதோடு வேலை முடிந்தது. கார்புரேட்டரில் கவனமெல்லாம் மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் மேல் இருக்கட்டும். கெட்டுப்போன பெட்ரோலின் பிசின் முதலில் அடைப்பது அந்த நுண்துளையைத்தான். அதன் வழியாக வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். அசல் கார்புரேட்டரின் உடல் உடையாமல் இருந்தால், மலிவான நகலை வாங்குவதைவிட அதற்குப் புதிய ரப்பர் வளையங்களும் ஊசி வால்வும் போடுவதே மேல். ஏர் ஃபில்டரின் ஸ்பாஞ்சைத் தொட்டுப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால், அதை அப்படியே விட்டு ஸ்டார்ட் செய்யும்போது அந்த மாவெல்லாம் சிலிண்டருக்குள் போகும்.

முதல் ஸ்டார்ட்டைத் திறந்த வெளியில், பின் சக்கரங்கள் தரையைத் தொடாமல் ஸ்டாண்டில் இருக்கும்போது செய்யுங்கள். கட்டைவிரலால் அழுத்தும் ஆக்ஸிலரேட்டர் விட்டவுடன் தானே திரும்புகிறதா, கில் சுவிட்ச் உண்மையில் நிறுத்துகிறதா என்ற இரண்டையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வால்வு மூடி ஒன்றைத் திறந்து வைத்து ஆயில் மேலே ஏறி வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடுங்கள். முதல் ஓட்டத்தில் ஹெல்மெட்டும் கணுக்காலை மூடும் கெட்டியான பூட்ஸும் அணிந்து, சமதரையில், தனியாக ஓட்டுங்கள். இருசக்கர வண்டிப் பழக்கத்தில் திருப்பத்தில் காலைத் தரையில் ஊன்றினால், பின் டயர் அந்தக் காலின்மேல் ஏறிவிடும். கால் எப்போதும் மிதியிலேயே இருக்க வேண்டும் என்பதை, ஓட்டத் தெரிந்தவர் என்று சொல்லிக்கொண்டு வரும் உங்கள் நண்பர்களுக்கும் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு இந்த வண்டியைக் கொடுக்கவே வேண்டாம்.

முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு அச்சு நட்டுகளையும் ஹப் நட்டுகளையும் குறிப்பிட்ட டார்க்கில் (முறுக்கு விசையில்) மறுபடி இறுக்கி, செயினின் தளர்வைச் சரிசெய்து, ஆயிலை மாற்றுங்கள். இன்னும் சில மணி நேரம் வெவ்வேறு தரைகளில் ஓட்டி, எங்கும் கசிவில்லை, புதிய விரிசலில்லை, எல்லாம் அதனதன் இடத்தில் பொருந்துகிறது என்று தெளிந்த பிறகு வண்டியைப் பிரித்து ஃபிரேமைக் கோட்டிங்குக்கு அனுப்பலாம். அனுப்பும்போது பேரிங் அமரும் உட்பரப்புகள், ஸ்டீயரிங் தடங்கள் அமரும் இடங்கள், எல்லாத் திருகுத் துளைகள், எஞ்சின் எர்த் ஆகும் இடம், பொறிக்கப்பட்ட ஃபிரேம் எண் ஆகியவற்றை மறைத்துவிடச் சொல்லி எழுதியே கொடுங்கள்; அந்தத் தடிமனான பூச்சு பேரிங் வாயில் ஏறினால் பேரிங் இறங்காது, எர்த் இடத்தில் ஏறினால் ஸ்பார்க் வராது. மட்கார்டுகளை அதே வகைப் பிளாஸ்டிக்கின் துண்டுகளைக் கொண்டு உருக்கி ஒட்டி, வெயிலில் வெளுத்த மேற்படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, மேலும் மேலும் மெல்லிய எமரித்தாளால் நீர் விட்டுத் தேய்த்தால் உள்ளிருந்து பழைய சிவப்பு எழும்பி வரும். அந்த வகைப் பிளாஸ்டிக்கில் பெயின்ட் நிலைத்து ஒட்டாது என்பதால், அவற்றுக்கு மட்டும் பூச்சு எதுவும் வேண்டாம்.